இரண்டாவது கோடு

— கேற்றுக்கு அங்காலயே நில்லு. ஒரு எட்டு இஞ்சால வெச்சியோ, மரியாத கெட்டுப்போகும்.

— நிக்கிறன் றமீஸ் தம்பி. இஞ்ச நிண்டே கதைக்கிறன்.

— ஆருக்கு ஆரு தம்பி? என்ட கூடப் பொறந்த காக்காவ நெருப்புக்குக் குடுத்தாய் பாரு, அண்டையோட அந்த உறவு அறுந்து போச்சு. மூணு மாசம் கழிச்சு வெள்ள உடுப்பும் பெட்டியுமா வந்து நிக்கிறாய். என்ன சுல்பிகா, இந்த வீட்டுலயும் எரிக்க ஆள் தேடுறியா?

— சுகாதார ஒபிஸ்ட கொரோனா வேலையா வந்த. ஊர் விதானைட வீட்டு லிஸ்ட்டக் குலுக்கி சாய்ந்தமருதுல நாப்பது வீடு எடுத்த. அதுல உங்கட வீடும் ஒண்டு. இந்தாங்க, கடதாசியப் பாருங்க.

— குலுக்கினாங்களாம், என்ட வீடு விழுந்திச்சாம். வாறத்துக்கு வேற மிட்வைஃப் ஒருத்தியும் இல்லயாம், மருதமுனையில இரிந்து இவதான் வரணுமாம். நான் வாயில விரல் வெச்சா கடிக்கத் தெரியாத புள்ள பாரு, நம்புறத்துக்கு.

— வீடு குலுக்கல்ல விழுந்த உண்ம. வேற ஆள்தான் வர இரிந்த. நான் போறன் எண்டு நானே கேட்டு வாங்கினன். அதுவும் உண்ம.

— ஏன்?

— என்ட புள்ள இந்த வீட்டுக்க இரிக்கிறா. அதுக்கு.

— அதானே பாத்தன்! ஸைனம்பு! இஞ்ச வா. அப்னாவ உள்ளறைக்கக் கொண்டுபோய் உட்டுக் கதவச் சாத்து.

— அவ உள்ளதான் ஓதிட்டு இரிக்கா. இஞ்சருங்க, ஒழுங்கையில சனம் எட்டி எட்டிப் பாக்குது. ராத்தாவ உள்ளுக்கு வரச் சொல்லுங்க. என்ட றப்பே, இந்த வெயிலுக்க நிக்கிறா.

— சனம் பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். புருசனக் கொண்டுபோய் எரிச்சவ எப்பிடி இரிப்பா எண்டு பாக்கட்டும்.

— அப்பிடிக் கத்தாதீங்க. அப்னாக்குக் கேக்கும்.

— கேக்கத்தான் கத்துறன். அவட வாப்பாவ ஆரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போன, ஆரு கடதாசில கையொப்பம் போட்ட எண்டு அவளுக்கு நான் சொல்லித்தான் வெச்சிரிக்கன். விளங்குதா? உன்னப் பாக்க அவ வரமாட்டா.

— ஒம்பது வயசுப் புள்ளைட காதுக்க அதையா ஊத்தி வெச்சிரிக்கிறீங்க?

— பொய்யா ஊத்தினன்? நீ கையொப்பம் போடல்ல எண்டு சொல்லு பாப்பம்.

— போட்டன்.

— ஊருல எத்தின குடும்பம் போடமாட்டம் எண்டு நிண்டிச்சு! மையத்து பொறுப்பேக்க ஆளில்லாம ஆஸ்பத்திரில கிடந்தாலும் கிடக்கட்டும், நாங்க எரிக்கச் சொல்லிக் கையொப்பம் போடமாட்டம் எண்டு நிண்டிச்சு. நீ பேனையக் குடுத்த ஒடன போட்டாய். சாம்பல் வேணுமா எண்டு கேட்டாங்களாம், என்ன சொன்னாய்?

— தம்பி, அத உடுங்க.

— என்ன சொன்னாய் எண்டு கேக்கன்!

— வேணாம் எண்டன். சாம்பல வெச்சு நான் என்ன செய்யிற? ஜனாஸாத் தொழுகிறயா, கபுறு வெட்டுறயா? கையால வாங்கினா அது அவர்தான் எண்டு ஆகிப்போகும் எண்டு பயந்து வேணாம் எண்டன். இப்ப மனசு ஆறினதா உங்களுக்கு?

— ஆறல்ல. நீ இந்த ஒழுங்கையால நடந்து போற காலம் முழுக்க ஆறாது.

— சரி. ஆறாம இரிக்கட்டும். நான் வந்த வேலையச் சொல்றன். வீட்டுக்கு ஒராள், பதினெட்டுக்கு மேல. கடைசியாப் பொறந்த நாள் வந்த ஆள். உங்களுக்குப் போன மாசம் வந்திச்சு, எனக்குத் தெரியும். விரல்ல ஒரு சொட்டு ரெத்தம், பதினைஞ்சு நிமிசம். அவ்வளவுதான்.

— மூக்குக்க குச்சி உட்டு முடிஞ்சி, இனி ரெத்தமா?

— மூக்குல பாத்த வேற. இது வேற தம்பி. இது என்னண்டா...

— போதும். கிளினிக்குல புள்ளத்தாச்சிகளுக்குப் படிச்சுக் குடு. இருவது நாள் ஊரப் பூட்டினீங்க. கடலுக்குப் போக உடல்ல. கரைவல வாடியில காஞ்சு கிடந்திச்சு. காய்ச்சல் எண்டு வெளிய சொல்லாம சனம் வாயக் கட்டிட்டுக் கிடந்த ஏன்? சொன்னாக் கொண்டுபோவீங்க, செத்தா சட்டம் எண்டு எரிப்பீங்க. எல்லாம் செஞ்சு முடிச்சுப் போட்டு இப்ப பெட்டியத் தூக்கிட்டு வந்து, ஊருல எத்தின பேருக்கு வந்திச்சு எண்டு கணக்குக் கேக்கிறீங்க. வெக்கமில்லயா?

— நீங்க சொல்றது அத்தினையும் சரி.

— என்ன?

— சரி எண்டன். அந்தப் பயத்துலதான் சனம் வாயத் தொறக்கல்ல. வாய் சொல்லாதத்த ரெத்தத்துட்டக் கேப்பம் எண்டு வந்திரிக்கம். அரசாங்க கெஜட்டும் வந்திட்டு. இனி எரிக்கிற இல்ல. ஓட்டமாவடில கொண்டுபோய் அடக்குறாங்க.

— என்ட காக்கா போன பொறகு! அவன் எரிஞ்சு முடிஞ்ச பொறகு கெஜட்! அந்தக் கெஜட்டக் கொண்டுபோய் என்ன செய்யிற? வெல்லமா நக்குற?

— எனக்கும் அந்தக் கோவம் இரிக்கி தம்பி. உங்கள விடக் கூட இரிக்கி.

— உனக்கென்ன கோவம்? உனக்கு வேல இரிக்கி, சம்பளம் இரிக்கி, வெள்ள உடுப்பு இரிக்கி. எனக்கு வாப்பாவும் இல்ல, காக்காவும் இல்ல. பத்து நாளைக்குள்ள ரெண்டு பேர். வாப்பா வெள்ளிக்கிழம மௌத்தானார். நெஞ்சு நோவு. ஊரே சொல்லிச்சு, அப்துல் ஸமட் ஹாஜியாருக்கு வெள்ளிக்கிழம மௌத்து, பெரிய பாக்கியம் எண்டு. இந்த வீட்டுலதான் வெச்சுக் குளிப்பாட்டி, கபன் துணி போட்டு, எங்கட மையவாடியில அடக்கினம். அதுதான் மௌத்து. நீ காக்காக்குக் குடுத்தது என்ன?

— வாப்பாக்கு நெஞ்சு நோவுதானா?

— வேறென்ன?

— கேட்டன்.

— என்ன கேள்வி அது? இந்த வீட்டுப் படியில நோய் கால் வெக்கல்ல. பள்ளிவாசல்ல நம்பிக்கையாளர் சபைக்கு முன்னால சொன்னன், இப்பவும் சொல்றன். விளங்குதா?

— அப்ப விரலத் தாங்க.

— என்ன?

— வரவே இல்லண்டா என்னத்துக்குப் பயம்? தாங்க விரல.

— ராத்தா, நான் தாறன். இவர உடுங்க. என்ட விரல்ல எடுங்க.

— ஸைனம்பு, நீ குசினிக்குப் போ!

— இல்ல தங்கச்சி, முறைப்படி இவர்தான். இவர் மாட்டன் எண்டா மறுப்பு எண்டு எழுதிப்போட்டு நான் போறன். கட்டாயம் ஒண்டும் இல்ல.

— எழுதுவாய். எழுதிப்போட்டு ஊரெல்லாம் சொல்லுவாய், றமீஸ் பயந்துட்டான் எண்டு. எனக்கென்ன பயம்? மூணு மாசம் போயிட்டு. மூணு மாசத்துக்குப் பொறகு மூக்குல என்ன கிடக்கும், ரெத்தத்துல என்ன கிடக்கும்? ஒரு மண்ணும் கிடக்காது. சரி, வா உள்ளுக்கு. வந்து இந்தக் கதிரையில இரி. ஆனா ஒரு பேச்சு.

— சொல்லுங்க.

— ஒண்டும் இல்லண்டு வந்தா, நீ பள்ளிவாசலுக்கு முன்னால நிண்டு சொல்லோணும், றமீஸ்ட வீட்டுல நோய் இரிந்தயில்ல எண்டு. அதோட அப்னாவக் கேட்டு இந்த வாசலுக்கு வரப்படாது. அவ காக்காட புள்ள. காக்காவ எரிச்ச கையில நான் அவளக் குடுக்கமாட்டன்.

— இரிக்கி எண்டு வந்தா?

— வராது.

— வந்தா எண்டு கேக்கன்.

— வந்தாக் கூட்டிட்டுப் போ. இப்பவே கூட்டிட்டுப் போ. ஸைனம்பு சாட்சி.

— நான் சாட்சி. அல்லாஹ்வும் சாட்சி. இஞ்சருங்க, பொறகு சொல்ல மாத்தப்படாது.

— இந்தாங்க தம்பி, இதுல கையொப்பம் போடுங்க. வாசிச்சிட்டுப் போடுங்க.

— வாசிக்கிறத்துக்கு என்ன இரிக்கி? எங்க போடுற, இஞ்சயா? இந்தா.

— கைய நீட்டுங்க. இல்ல, இந்த விரல். கொஞ்சம் குத்தும்.

— கடல்ல சுங்கான் மீன் முள்ளுக் குத்தின கை இது. உன்ட ஊசிக்கு என்ன.

— முடிஞ்சி. பஞ்ச அமத்திப் புடிங்க. இந்தாங்க, இந்தக் குழியில ரெத்தம், மேல ரெண்டு சொட்டு மருந்து. ஒரு கோடு எண்டா ஒண்டும் இல்ல. ரெண்டு கோடு எண்டா வந்து போயிரிக்கி.

— வந்து போயிரிக்கி எண்டா?

— இதத்தான் முன்னயே சொல்ல வந்தன், நீங்க சொல்ல உடல்ல. இது இப்ப நோய் இரிக்கா எண்டு பாக்கிற இல்ல தம்பி. எப்பயாவது வந்து போயிரிந்தா, அத எதுத்து நிக்கிறத்துக்கு உடம்பு ஒரு சாமானச் செய்யும். அன்டிபொடி எண்டு சொல்லுவாங்க. நோய் போனாலும் அது ரெத்தத்துல நிண்டுரும். மூணு மாசம் என்ன, அதுக்கு மேலயும் நிக்கும்.

— நீ... நீ இத முதல்ல சொல்லல்ல!

— சொல்ல வந்தன். புள்ளத்தாச்சிகளுக்குப் படிச்சுக் குடு எண்டீங்க. இப்ப கையொப்பம் போட்டீங்களே, அந்தக் கடதாசிலயும் எழுதியிரிக்கி.

— அந்தப் பெட்டிய எடு. எடுத்திட்டு வெளிய போ.

— பதினைஞ்சு நிமிசம். நீங்க சொன்ன பேச்சு.

— போ எண்டு சொல்றன்!

— இஞ்சருங்க, கை வெக்காதீங்க அதுல! நான் சாட்சி எண்டீங்க. நான் இந்த மேசையடியிலதான் நிப்பன்.

— நீயுமா ஸைனம்பு?

— நானுந்தான்.

— நல்லது. நல்லாச் சேந்திட்டீங்க ரெண்டு பேரும். கேளு சுல்பிகா, பதினைஞ்சு நிமிசமும் நீ கேளு. காக்கா மூச்செடுக்க ஏலாம கதிரையில குந்தியிரிந்த அண்டைக்கு நான் கோல் எடுத்தனா இல்லயா?

— எடுத்தீங்க.

— அழுதழுது சொன்னன். மதினி, கொண்டு போகாதீங்க, ஆவி புடிங்க, கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க, மௌத்தானாலும் வீட்டுல மௌத்தாகட்டும், ராவோட ராவா நாங்க பாத்துக்குவம் எண்டு சொன்னனா இல்லயா?

— சொன்னீங்க. ஃபோன ஸ்பீக்கர்ல போட்டிரிந்தன். அவரும் கேட்டுட்டுத்தான் இரிந்தார்.

— கேட்டுட்டிரிந்தவனத் தூக்கி அம்புலன்ஸுல போட்டாய். அவன் என்ன பாடு பட்டிரிப்பான்! என்ன எரிக்கக் கொண்டு போறாள் எண்டு தெரிஞ்சு தெரிஞ்சு போயிரிப்பான். நினைச்சா எனக்கு நெஞ்சு வெடிக்கி. நீ எப்பிடிச் சோறு திங்கிறாய்?

— திங்கிற நாளும் இரிக்கி, திங்காத நாளும் இரிக்கி.

— என்னத் தனிமைப்படுத்துற கேம்புக்குக் கொண்டு போறாங்க, அப்னாவப் பாத்துக்கங்க எண்டு அழுதாய். அண்டைக்கே கொண்டு வந்து வெச்சன். பதினாலு நாள் கழிச்சு வந்து கேட்டாய், குடுக்கல்ல. பொலிசுக்குப் போ எண்டு சொன்னன். போனியா? போமாட்டாய். குத்தமுள்ள மனசு. பெத்த புள்ளைக்காகப் பொலிசுப் படி ஏற ஏலாத தாய்!

— பொலிசுக்குப் போனா அவங்க முதல்லருந்து கேப்பாங்க தம்பி.

— கேக்கட்டுமே!

— ஆருட்ட இரிந்து வந்த நோய், எங்க வந்த, எப்ப வந்த எண்டு கேப்பாங்க. அதாலதான் போகல்ல.

— என்ன கதைக்கிறாய்? சந்தையில தொத்தின நோய். காக்காவே ஆஸ்பத்திரில சொன்னான். ஊருக்கே தெரியும்.

— ஓம். அவர் அப்பிடித்தான் சொன்னார்.

— அப்ப என்ன?

— பொறுங்க. நேரம் சரி. தங்கச்சி, நீயே பாத்துச் சொல்லு. நான் தொட்டா நான்தான் கோடு கீறின எண்டு சொல்லுவார்.

— என்ட றப்பே...

— என்ன? எத்தின கோடு ஸைனம்பு? வாயத் தொறந்து சொல்லு!

— ரெண்டு.

— தள்ளு, நான் பாக்கன்... இது கள்ளச் சாமான். சீனாச் சாமான். இது பிழையாக் காட்டும். சொல்லு சுல்பிகா, பிழையாக் காட்டுமா இல்லயா?

— காட்டும். நூத்துக்கு நூறு சரி எண்டு நான் சொல்லமாட்டன்.

— கேட்டியா ஸைனம்பு? அவ வாயாலயே சொல்றா! அப்பிடி இரிந்தாலும்... அப்பிடி இரிந்தாலும் அது எங்க இரிந்து வந்த? அப்னா! உன்ட வீட்டுல இரிந்து வந்த புள்ள. நோய் வந்த வீட்டுல இரிந்து நேர இஞ்ச வந்தா. அவதான் கொண்டு வந்து தந்திரிக்கா. என்ட வீட்டுக்கு நோய் அனுப்பினதும் நீதான்!

— போதும்.

— ஸைனம்பு, நீ பேசாத.

— போதும் எண்டு சொல்றன். பச்சப் புள்ளைட தலையில பழியப் போடாதீங்க. நான் மூணு மாசமா இந்தக் கல்ல நெஞ்சுல வெச்சுட்டு இரிக்கன். அப்னா வரக்குள்ள உங்களுக்குக் காய்ச்சல் மாறியே ஒரு கிழம. எனக்கு மணம் தெரியாமப் போய், மீன் கருகினதே தெரியாம அடுப்படியில நிண்டன். நோய் வந்த வீட்டுப் புள்ளைய ஊருல ஒருத்தரும் கிட்ட எடுக்காத நேரம், நீங்க ஒரு யோசினையும் இல்லாமத் தூக்கிட்டு வந்தீங்க. ஏன்? நமக்கு வந்து போயிட்டு, இனி ஒண்டும் செய்யாது எண்டு உங்களுக்குத் தெரியும்.

— ஸைனம்பு!

— மாமாக்கு மூணு நாளாக் காய்ச்சல். மூச்சு இழுத்திழுத்துத்தான் போனார். நெஞ்சு நோவு எண்டு சொல்லு எண்டீங்க, சொன்னன். வேற ஆரையும் குளிப்பாட்டக் கூப்பிட வேணாம், வெளிய தெரிஞ்சிரும், காக்கா மட்டும் வரட்டும் எண்டீங்க. மச்சான் வந்து இந்த இடத்துல நிண்டுதான் கேட்டார், தம்பி, வாப்பாக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இரிந்தயா எண்டு. நீங்க என்ன சொன்னீங்க?

— நான்...

— வல்லாஹி இல்ல எண்டீங்க. அல்லாஹ்ட பேரால சத்தியம். நான் குசினிக்க நிண்டு கேட்டன். கொத்தமல்லித் தண்ணி அடுப்புல கொதிச்சிட்டு இரிந்திச்சு, உங்களுக்குத்தான்.

— வேற என்ன செய்யச் சொல்றாய்? என்ன செய்யச் சொல்றாய்? உண்மையச் சொன்னா வாப்பாவக் கொண்டு போயிரிப்பாங்க! எழுபத்தெட்டு வயசுல, ஐஞ்சு வேளத் தொழுத மனிசன், அவர நெருப்புல போட்டிரிப்பாங்க! நான் புள்ளயா இரிந்து பாத்துட்டு நிக்கவா? காக்காக்குத் தொத்தும் எண்டு எனக்கு என்ன கனவா? தொத்தாது எண்டு நினைச்சன். தொத்தாம இரிக்கட்டும் எண்டு துஆக் கேட்டன். சுல்பிகா... உனக்கு இப்ப சந்தோசமா? பிடிச்சிட்டாய். போ. போய் ஊருக்குச் சொல்லு, றமீஸ்தான் காக்காவக் கொன்ன எண்டு.

— இந்தக் கடதாசில பேர் இல்ல தம்பி. இருவத்தேழு எண்டு ஒரு நம்பர் மட்டும்தான். சாய்ந்தமருதுல ஒராளுக்கு வந்து போயிரிக்கி எண்டுதான் ஒபிஸுக்குப் போகும்.

— ஒபிஸுக்கு இல்ல, உனக்கு! உனக்குத் தெரிஞ்சு போச்சே இப்ப.

— இப்ப இல்ல.

— என்ன?

— எனக்கு இது இண்டைக்குத் தெரிஞ்ச இல்ல. வாப்பாவ அடக்கின அண்டைக்கு ராவே தெரியும்.

— ராத்தா, என்ன சொல்றீங்க? மச்சானுக்குத் தெரியாதே! இவர் சத்தியம் பண்ணினாரே!

— குளிப்பாட்டக்குள்ளயே அவருக்குத் தெரிஞ்சிட்டு தங்கச்சி. வாப்பாட வாயில வந்த நுரையத் துடைச்சது அவர். இலந்தை இல போட்ட தண்ணிய வாளியில அள்ளிக் குடுத்தது இவர், கதவடியில நிண்டு. வாளிய வாங்கக்குள்ள கை பட்டிச்சாம். தம்பிட கை நெருப்பாக் கொதிச்சிச்சு சுல்பி எண்டு வீட்ட வந்து சொன்னார்.

— கை... ஓம். கை பட்டிச்சு. என்னப் பாத்தான். பாத்துட்டு ஒண்டும் சொல்லாம வாளிய வாங்கினான். அல்லாஹ்வே. தெரிஞ்சிமா? தெரிஞ்சி ஏன் நிண்டான்? ஏன் உட்டுட்டு ஓடல்ல?

— நானும் அதத்தான் கேட்டன். பொறகு வாப்பாவ ஆரு குளிப்பாட்டுற எண்டு திருப்பிக் கேட்டார்.

— மதினி... அப்ப நீங்க... எல்லாம் தெரிஞ்சிட்டா இரிந்தீங்க? பள்ளிவாசலடியில வெச்சு உங்கள ஏசினன். இந்த ஒழுங்கையில, சனத்துக்கு முன்னால, உங்கட காலடியில காறித் துப்பினன். அண்டைக்கு ஒரு சொல்லு, நீதான் தந்த எண்டு ஒரு சொல்லு சொல்லியிரிந்தா நான் அந்த இடத்துலயே விழுந்திரிப்பனே! ஏன் சொல்லல்ல?

— சொல்லியிரிந்தா அண்டைக்கே இந்த வீட்டுக்கு ஆள் வந்திரிக்கும். வாப்பாட கபுறத் தோண்டிருவாங்களோ எண்டு பயம். தோண்டியிரிப்பாங்களோ இல்லயோ தெரியா. அந்த நேரம் ஆருக்கு என்ன தெரியும்? எரிக்கிறத நிப்பாட்டும் மட்டும் வாயத் தொறக்கிறயில்ல எண்டு அவருக்குச் சொல்லு குடுத்திரிந்தன். எரிக்கச் சொல்லிப் பேனையத் தந்த ஒடன கையொப்பம் போட்டதும் அதுக்குத்தான். மாட்டன் எண்டு நிண்டா வீடு வீடா விசாரிச்சு வருவாங்க எண்டு பயந்தன்.

— அவருக்கா? காக்காக்கா சொல்லு குடுத்தீங்க?

— நீங்க கோல் எடுத்து அழுதீங்களே, கொண்டு போகாதீங்க எண்டு. நானும் அதத்தான் சொன்னன் தம்பி. காலப் புடிச்சிட்டு அழுதன், வீட்டுல வெச்சுப் பாப்பம் எண்டு. நீங்க ஃபோன வெச்ச ஒடன, அம்புலன்ஸுக்கு அடி எண்டவர் அவர்தான்.

— காக்காவா? காக்காவா அடிக்கச் சொன்னான்?

— ஒரு குடும்பத்துல பத்து நாளைக்குள்ள ரெண்டு மையத்து வீட்டுல விழுந்தா வாப்பா எப்பிடி மௌத்து எண்டு கேட்டு வருவாங்க, நான் வாயில சீவனோட போய், சந்தையில தொத்தின எண்டு நானே சொல்லிப்போடோணும் எண்டார். மூச்சில்லாம, சொல்லுச் சொல்லா நிப்பாட்டி நிப்பாட்டித்தான் சொன்னார்.

— அங்க போனா... மௌத்தானா என்ன செய்வாங்க எண்டு அவனுக்கு...

— தெரியும்.

— அங்க பாருங்க, அப்னா. கதவத் தொறந்துட்டு வந்து நிக்கிறா. எவ்வளவு நேரமா நிக்கிறாவோ தெரியா. மகள், இஞ்ச வா. இது உன்ட உம்மா.

— மதினி, அந்தப் புள்ளைட முகத்த என்னால பாக்க ஏலா. கூட்டிட்டுப் போங்க. நான் அவட காதுக்க ஊத்தினத எப்பிடி எடுக்கிற? வாப்பாவ ஏன் அங்க கொண்டு போனீங்க எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?

— அம்புலன்ஸுல ஏத்தக்குள்ள அவர் என்ட கையப் புடிச்சுச் சொன்னத அப்பிடியே சொல்லுவன் தம்பி: ‘என்ன எரிச்சா எரிக்கட்டும் சுல்பி, வாப்பா மண்ணுக்க கிடக்கட்டும், றமீஸ் பயமில்லாம இரிக்கட்டும்.’